மூன்றாவது சுற்றில் விழும் வேகம்

வேகச் சோதனையின் முதல் சுற்றில் லேப்டாப்பின் டிஸ்க் நன்றாகத்தான் ஓடியது. இரண்டாவது சுற்றிலும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. மூன்றாவது சுற்று பாதியைக் கடந்தபோது, அதுவரை திரையின் உச்சியிலேயே ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கோடு மளமளவென்று சரிந்து அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. எழுந்திருக்கும் என்று தாமரைச்செல்வி காத்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

கோச்சடையில் சனிக்கிழமைக் காலை. வேலைக்குக் கிளம்ப இன்னும் நேரமிருந்தது. வைஃபையை அணைத்தாள். திறந்திருந்ததையெல்லாம் மூடினாள். சார்ஜர் ஒழுங்காகச் செருகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி ஓட்டினாள். எதில் கோளாறு வந்தாலும் முதலில் தன் கைமேல்தான் அவளுக்குச் சந்தேகம் வரும். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போனவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். இந்தத் தடவையும் தப்பு தன்னுடையதாகவே இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டாள். மூன்றாவது சுற்றில் கோடு அதே இடத்தில் விழுந்தது.

அப்போதுதான் அந்த நினைப்பு முழு உருவத்தோடு வந்து நின்றது. விக்ரம் டிஸ்க்கை மாற்றிவிட்டான்.

விக்ரம் அவளோடு மாலை வகுப்பில் படிக்கிறவன். காளவாசலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் அந்தக் கணினிப் பயிற்சி மையம் இருந்தது. பகலில் வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம் வந்து படிப்பார்கள். தாமரை பைபாஸ் ரோட்டில் ஒரு டூவீலர் ஷோரூமின் சர்வீஸ் கவுன்ட்டரில் இருந்தாள். விக்ரம் அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்து, டவுனில் ஒரு லேப்டாப் கடையில் வேலை பார்த்தான். அவளைவிட இரண்டு வயது சின்னவன். ‘அக்கா’ என்று வாய் நிறையக் கூப்பிடுவான்.

அவளுடைய பழைய லேப்டாப்பைப் போட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், அதற்குள்தான் அது கண்ணைத் திறக்கும். “எஸ்எஸ்டி போட்டுருங்கக்கா. உள்ள சுத்துற தகடே கிடையாது, எல்லாம் சில்லுதேன். பறக்கும்” என்று சொன்னவன் விக்ரம்தான். வகுப்பில் சூர்யபிரகாஷும் அதே மாடல் லேப்டாப்தான் வைத்திருந்தான், அவனும் தனக்கொன்று கேட்டான். ஒரே கம்பெனி டிஸ்க் இரண்டை வாங்கி, ஒரே நாளில் இருவருக்கும் கடையில் வைத்து மாட்டினான் விக்ரம். தாமரையின் கண்முன்னாலேயே வேகச் சோதனை ஓட்டியும் காட்டினான். விநாடிக்கு இரண்டாயிரம் எம்பியைத் தாண்டி நின்றது எண். “அப்டேட் ரெண்டு ஓட வேண்டியிருக்குக்கா. வச்சுட்டுப் போங்க, சாயங்காலம் வகுப்புக்கு எடுத்துட்டு வாரேன்” என்றான். அவளும் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

அந்த ஒரு பகல் இப்போது அவள் மனதில் ஈரத்துணி மாதிரிக் கனத்தது. காட்டியது ஒன்று, கையில் கொடுத்தது வேறொன்று என்றால்?

இந்தக் கேள்வி அவளுக்குப் புதிதில்லை. “புது செயினக் கழட்டி வச்சுக்கிட்டுப் பழசப் போட்டு விட்டுட்டீகளா?” என்று கவுன்ட்டரில் கை ஊன்றிக் கேட்காத ஆள் குறைவு. “எங்க மெக்கானிக்குங்க அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க சார்” என்று சிரித்தபடி சொல்லிச் சொல்லி அவளுக்கு அது மனப்பாடம். கேட்டவர்கள் படி இறங்கியதும், என்ன மனுசங்க என்று உதட்டைப் பிதுக்குவாள். இப்போது அவர்கள் எல்லாருமே கொஞ்சம் நியாயமானவர்களாகத் தெரிந்தார்கள்.

லேப்டாப் திரும்பி வந்த மறுநாள் வெள்ளிக்கிழமையாக இருந்தது. அம்மா சீனியம்மாள் காலையில் விளக்கேற்றிவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றாள். மிக்சியோ, கேஸ் அடுப்போ, ஸ்கூட்டியோ, வீட்டுக்குள் புதுசாக எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் அதைத் தொட விட மாட்டாள்.

“இது புதுசில்லம்மா. உள்ள ஒரு சாமான்தேன் புதுசு.”

“உள்ள இருந்தா என்ன, வெளிய இருந்தா என்ன? தள்ளு.”

“மூடி மேல வைக்காத. வகுப்புல சிரிப்பாங்க.”

சிரிப்பார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். விக்ரமின் லேப்டாப் மூடியில் நட்டநடுவில் எப்போதும் ஒரு சந்தனப் பொட்டும் அதன்மேல் குங்குமமும் இருக்கும். “என்ன பூசாரி, தீபாராதனை முடிஞ்சுதா? சுண்டல் எங்க மாப்ள?” என்று சூர்யபிரகாஷ் கேட்காத நாள் கிடையாது. “ஒனக்கு உண்டக்கட்டிதேன்டா” என்று சொல்லிவிட்டு, பொட்டைத் துடைக்காமலே மூடியைத் திறப்பான் விக்ரம். அந்தச் சிரிப்பில் தாமரையும் சேர்ந்துகொண்டிருக்கிறாள்.

“அப்ப எங்கிட்டுத்தேன் வைக்கச் சொல்ற?”

“அடிப்பக்கம் வையி. யாருக்கும் தெரியாது.”

சீனியம்மாள் லேப்டாப்பைக் குப்புறப் போட்டாள். வழவழப்பான இடத்தில் சந்தனம் பிடிக்காமல் வழுக்கியது. கொஞ்சம் சொரசொரப்பான இடமாகப் பார்த்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். “இங்கன நல்லாப் பிடிக்குது” என்று திருப்தியோடு சொல்லிக் குங்குமம் வைத்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலண்டருக்கு, விளக்குக்கு, பீரோவுக்கு வைக்கிற கையோடு லேப்டாப்புக்கும் வைத்துவிடுவது அவள் வழக்கமாகிவிட்டது.

மையத்தில் பாடம் எடுத்த அசோக்குமார் சார் அந்த மாதம் எல்லாருக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார். அவரவர் லேப்டாப்பின் டிஸ்க் வேகத்தை வாரம் ஒருமுறை அளந்து வர வேண்டும். “ஒரே சோதனை, ஒரே இடம், ஒரே நேரம். நீங்க எதையும் மாத்தாம இருந்தும் எண் மாறுதுன்னா, சாமான்ல ஏதோ இருக்குன்னு அர்த்தம். நீங்களே நாலத்த மாத்திட்டு வந்து எங்கிட்டக் காரணம் கேக்கக் கூடாது” என்பார். மற்றவர்கள் ஏனோதானோவென்று அளந்தார்கள். தாமரைக்கு அப்படி வராது. சனிக்கிழமைக் காலை, அதே மேசை, அதே ஃபேன் காற்று, அதே அளவுக் கோப்பு. ஒரு சுற்று போதாது என்று விடாமல் சுற்றுமேல் சுற்றாக ஓட்டுவாள். கடையில் விக்ரம் காட்டியது ஒரே ஒரு சின்னச் சுற்று என்பது, அவள் இப்படி ஓட்டத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

முதல் சனிக்கிழமை கோடு விழவே இல்லை. அடுத்த வாரம் கடைசிச் சுற்றில் லேசாகத் தள்ளாடியது. அதற்கடுத்த வாரம் இன்னும் முன்னதாகவே விழுந்தது. வாரத்துக்கு ஒரு படியாக அது இறங்கிக்கொண்டே வந்தது. அவள் எதையும் மாற்றவில்லை. அது மட்டும் அவளுக்கு உறுதி.

இணையத்தில் தேடினால் தைரியம் சொல்ல யாரும் இல்லை. பழைய சில்லுகளைச் சுரண்டி எடுத்துப் புது அட்டையில் ஒட்டி விற்கிறார்கள் என்று ஒருவன் எழுதியிருந்தான். தொடக்கத்தில் நன்றாக ஓடும், போகப் போகப் படுத்துவிடும் என்று இன்னொருவன் எழுதியிருந்தான். டிஸ்க்கின் பெயரைப் பார்த்தாள், சரியாக இருந்தது. பெயரைப் போலியாகவும் எழுதலாமாம். வரிசை எண்ணைப் பில்லோடு ஒப்பிட்டாள், அதுவும் சரியாக இருந்தது. பில்லைக் கொடுத்தது யார், அவன்தானே? விக்ரம் நல்லவன் என்று காட்டிய ஒவ்வொன்றும், கொஞ்ச நேரம் யோசித்தால், அவன் கெட்டிக்காரன் என்று காட்டியது.

லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்துத் திருகாணிகளைப் பார்த்தாள். அம்மா வைத்த பொட்டு கையில் ஒட்டாமல் ஓரமாகத்தான் பிடித்தாள். ஒரு திருகாணியின் தலை தேய்ந்திருந்தது. இரண்டு தடவை கழற்றினால்தானே இப்படித் தேயும்? முன்னாலேயே தேய்ந்திருந்ததா? முன்னால் அதை யார் பார்த்தார்கள்! லேப்டாப் கையில் சுட்டது. மதுரையில் பங்குனி மாதத்தில் எதுதான் சுடவில்லை என்று திருப்பி வைத்தாள்.

“என்னத்தா, காலங்காத்தால மூஞ்சியத் தூக்கி வச்சுருக்க?” என்றாள் சீனியம்மாள்.

“லேப்டாப் மெதுவாகுதும்மா.”

“கண்ணு பட்டிருக்கும். அதேன், பத்துப் பேரு முன்னால வச்சுத் தட்டுற.” சட்டினிக் கரண்டியைக் கீழே வைத்தாள். “யாருகிட்டக் குடுத்து மாட்டுன?”

“வகுப்புல ஒரு பையன். விக்ரம்னு. உங்க ஊருக்கு ரெண்டு ஊரு தள்ளி.”

“எங்க ஊருக்குப் பக்கத்துலயா? எந்தத் தெரு?”

“தெருவெல்லாம் எனக்கென்ன தெரியும்?”

“காலனிப் பையனா?”

“அம்மா, டிஸ்க்குக்கும் அதுக்கும் என்ன இருக்கு?”

“நான் என்ன சொல்லிட்டேன் இப்ப? கேக்கக் கூடாதா? சும்மா கேட்டேன்.” கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை கண்ணேறு கழியட்டும் என்று சந்தனத்தை வழக்கத்தைவிடக் கெட்டியாக உரைத்து, நாலு விரலால் பட்டையாகவே இழுத்துவிட்டாள். தாமரை அதைப் பார்த்தாள். ஆனால் அவள் காதில் அந்த ‘எந்தத் தெரு’தான் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவிடம் கோபப்பட்டதென்னவோ உண்மை. கோபப்பட்டுவிட்டு, பஸ்ஸில் போகும்போது அந்தக் கேள்வியைத் தானும் ஒருமுறை மனதுக்குள் கேட்டுப் பார்த்தாள். கேட்டதும் உண்மை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானமே விக்ரமுக்கு வாட்ஸ்ஆப்பில் எழுதினாள். ‘டிஸ்க் மெதுவாகிறது. மூன்றாவது சுற்றில் விழுகிறது.’

உடனே பதில் குரலாக வந்தது. “அப்படி ஆகக் கூடாதேக்கா. சூடாகுதா பாருங்க. கடைக்குக் கொண்டு வாங்க, தொறந்து பாத்துருவோம். அஞ்சு நிமிச வேலை.”

தொறந்து பாத்துருவோம். அந்தச் சொல்லை அவள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். ஏன் இவ்வளவு அவசரம்? மாட்டிக்கொள்வதற்கு முன்னால் நல்ல டிஸ்க்கைத் திரும்ப வைத்துவிடலாம் என்றா? கொண்டுபோய்க் கொடுத்தால் இருக்கிற ஒரே சாட்சியும் போய்விடும். ‘பிறகு பார்க்கலாம்’ என்று எழுதி அனுப்பினாள்.

சந்தேகத்தைத் தனியாகச் சுமக்கவும் அவளுக்கு முடியவில்லை. வகுப்பு விட்டு இறங்கும்போது சூர்யபிரகாஷிடம், “யார்கிட்டயும் சொல்லாத” என்று ஆரம்பித்துக் கேட்டாள். “ஒன்னோட டிஸ்க் எப்படி ஓடுது?”

“குதிரை மாதிரி. ஏன்?” என்றவன் அவள் முகத்தைப் பார்த்தான். “ஓகோ. பூசாரி கைய வச்சுட்டானா? நான் அப்பவே நெனச்சேன். எனக்கு நான் பக்கத்துலயே ஒக்காந்து வாங்கிட்டு வந்துட்டேன்ல. நீ விட்டுட்டுப் போனேல்ல?”

“உறுதியாத் தெரியாது. நீ ஒண்ணும் சொல்லாத.”

“நான் ஏன் சொல்லப் போறேன்?” என்றான் சூர்யபிரகாஷ். இரண்டு நாளில் அசோக்குமார் சார் வரைக்கும் அது போய்விட்டது.

சார் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். “விக்ரம மையத்துல லேப் அசிஸ்டென்ட்டாப் போடலாம்னு இருக்கேன். சம்பளம் கடையவிட ஒண்ணும் பெருசில்ல. ஆனா இங்க இருந்தா மேல படிக்கலாம், அவனுக்கு அதுதேன் வேணும். இந்த மாடியில உள்ள அம்புட்டுச் சாமானும் அவன் கையிலதேன் இருக்கும். அதனால கேக்குறேன். டிஸ்க்க மாத்திட்டான்னு நீ சொன்னதா ஒரு பேச்சு. சொன்னியா?”

தாமரை அவசரமாகத் திருத்தினாள். “மாத்திட்டான்னு சொல்லல சார். மாத்திருப்பானோன்னு.”

“ரெண்டுக்கும் நடுவுல ஒரு பையனோட பொழப்பு இருக்கும்மா. ஒண்ணு, இல்லைன்னு சொல்லு. இல்லாட்டி, ஆமான்னு காட்டு.”

அவள் ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த வழியைச் சொன்னாள். அவளுடையதும் சூர்யபிரகாஷுடையதும் ஒரே லேப்டாப். இரண்டு டிஸ்க்கையும் இடம் மாற்றி மாட்டி ஓட்டினால் போதும். போலி எங்கே போனாலும் போலிதான், அங்கேயும் விழும். சார் தலையாட்டினார். “வெள்ளிக்கிழமை லேபுல எல்லாரும் இருக்கும்போது செய். நீயே கழட்டு. அவன் தொட வேண்டாம்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேபில் மூச்சு முட்டுகிற கூட்டம். விக்ரம் கடையிலிருந்து நேராக வந்திருந்தான். விஷயம் அவனுக்கும் எட்டியிருந்தது. தன் லேப்டாப்பை மார்போடு அணைத்தபடி சுவரோரம் நின்றான். மூடியில் பொட்டு தெரிந்தது. இன்றைக்கு அதைப் பற்றி யாரும் கேலி பேசவில்லை.

“அக்கா, தேய்ஞ்ச திருகாணி ஒண்ணு இருக்கும். பழசுலயே அப்படித்தேன் இருந்துச்சு. பாத்துத் திருப்புங்க” என்றான்.

அவள் திருப்புளியை எடுத்தாள். தேய்ந்த திருகாணியைப் பற்றி அவனே முந்திக்கொண்டு சொல்கிறான் பார், என்றுதான் அப்போதும் தோன்றியது.

முதலில் இரண்டு லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அப்படியே ஓட்டினாள். சூர்யபிரகாஷுடையதில் கோடு அசையாமல் நின்றது. அவளுடையதில் இரண்டாவது சுற்று முடிவதற்குள்ளேயே விழுந்தது. பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். இரண்டையும் அணைத்துவிட்டு, தன்னுடையதில் பட்டை தெரியாமல் உள்ளங்கையால் மறைத்தபடி திருகாணிகளைக் கழற்றி, சூர்யபிரகாஷின் அடிமூடியை முதலில் தூக்கினாள். மேலே எரிந்த டியூப்லைட்டின் வெளிச்சம் அதன் நடுவில் இருந்த சல்லடை ஓட்டைகள் வழியாகப் பொடிப்பொடியாக அவள் கையில் விழுந்தது. அதை வைத்துவிட்டுத் தன்னுடையதைத் தூக்கினாள்.

வெளிச்சம் விழவில்லை.

தூசி என்று நினைத்து முகத்துக்கு அருகில் கொண்டுபோனாள். தூசி இல்லை. மூடியின் உள்பக்கத்தில், ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் மஞ்சளாக ஒரு சின்ன இழை பிதுங்கிக் காய்ந்து நின்றது, அச்சிலிருந்து இறங்கிய இடியாப்பம் மாதிரி. மேல் இழைகள் இன்னும் ஈரமாக இருந்தன. நகத்தால் சுரண்டினாள். சந்தனம் மணத்தது.

வெள்ளிக்கிழமை. பொட்டுமேல் பொட்டு. காற்று உள்ளே போகிற வழியில்.

அவள் எதையும் மாற்றவில்லை என்று இருந்தாளே, அவள் கண்முன்னாலேயே வாராவாரம் ஒன்று மாறிக்கொண்டிருந்திருக்கிறது. மெதுவாகுது என்று இவள் புலம்பப் புலம்ப, அங்கே சந்தனம் கெட்டியாகியிருக்கிறது. சந்தனம் கெட்டியாகக் கெட்டியாக இங்கே மூச்சு முட்டியிருக்கிறது. சூடு தாங்காமல் டிஸ்க் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தை விட்டுக்கொடுத்திருக்கிறது. அவ்வளவுதான். ஒருத்தரும் எதையும் திருடவில்லை.

மூடியை அவள் சட்டென்று கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் டிஸ்க்கின்மேல்தான். டிஸ்க் நல்லது என்று இப்போது சோதனையே சொல்லிவிடும். விக்ரமின் பெயர் தானாகச் சுத்தமாகிவிடும். வீட்டுக்குப் போய்ச் சந்தனத்தைக் கழுவிவிட்டால் இந்த விஷயம் தண்ணீரோடு போய்விடும். அம்மா ஓட்டையை அடைத்தாள் என்று இவ்வளவு பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பாணியாக வேண்டியதில்லை. அவள் டிஸ்க்குகளை இடம் மாற்றிச் செருகி, மூடிகளை அப்படியே போட்டுத் திருகினாள். திருகாணி ஒன்று உருண்டு ஓடியது. விக்ரம்தான் குனிந்து எடுத்து மேசையில் வைத்தான்.

சூர்யபிரகாஷின் லேப்டாப்பில் அவளுடைய டிஸ்க் ஓடியது. முதல் சுற்று, இரண்டாவது, மூன்றாவது. கோடு நின்றது. அவளுடைய லேப்டாப்பில் சூர்யபிரகாஷின் டிஸ்க் ஓடியது. விழுந்தது.

“அப்ப டிஸ்க்குல ஒண்ணுமில்ல” என்றார் அசோக்குமார் சார்.

தாமரை மூச்சு விட்டாள். அதற்குள் சூர்யபிரகாஷ், “டிஸ்க் நல்லதுதேன் சார். அப்ப மாட்டுறப்ப உள்ள எதையோ கெடுத்து விட்டுருக்கான். ஃபேனு கத்துற கத்தக் கேளுங்க” என்றான்.

சார் விக்ரம் பக்கம் திரும்பினார். “ஃபேன் ஒயரத் தொட்டியா?”

“தொட்டேன் சார்” என்றான் விக்ரம். “அதக் கழட்டாம பழைய டிஸ்க்க எடுக்க முடியாது. கழட்டித் திரும்ப மாட்டுனேன். சரியாத்தேன் மாட்டுனேன்.”

“மாட்டுனேன்னு நீதேன சொல்ற?” என்றான் சூர்யபிரகாஷ். பின்னால் இரண்டு பேர் தலையாட்டினார்கள். தாமரை அந்தத் தலையாட்டலைப் பார்த்தாள். அது அவளுக்குத் தெரிந்த தலையாட்டல். ஒன்று பொய்யானால் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும். ஒரு வாரமாக அவள் தலைக்குள் ஆடியது அதுதான். விக்ரம் அவளைப் பார்க்கவில்லை. கையில் இருந்த லேப்டாப்பின் பொட்டைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்திருந்தான்.

“சார்” என்றாள் தாமரை. “ஃபேன்ல ஒண்ணுமில்ல. அவன் கெடுக்கல.”

லேப்டாப்பைத் தூக்கி, அடிப்பக்கம் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். நாலு விரல் பட்டை, அதன்மேல் குங்குமம், அதற்கும் கீழே வெடித்து உதிர்ந்த பழைய பொட்டுகள்.

“எங்க அம்மா வாராவாரம் வச்சது. மேல வச்சா நீங்க சிரிப்பீங்கன்னு நாந்தேன் அடியில வைக்கச் சொன்னேன். காத்துப் போற ஓட்டை அம்புட்டும் அடைச்சுக்கிருச்சு. இப்பக் கழட்டினப்பவே பாத்துட்டேன். சொல்லல.”

லேபே குலுங்கிச் சிரித்தது. “லேப்டாப்புக்குச் சந்தனக் காப்பா!” என்று யாரோ கத்தினார்கள். சூர்யபிரகாஷ் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அசோக்குமார் சார்கூட மீசையைத் தடவிக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

விக்ரம் மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே வந்து, தூசி தட்டப் பையில் வைத்திருந்த ஒரு பழைய டூத்பிரஷ்ஷை அவளிடம் நீட்டினான். “காஞ்சத இதால தட்டி எடுங்க. தண்ணி படாம.” பிறகு, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான். “கொண்டு வாங்கன்னு சொன்னேன்லக்கா. அன்னைக்கே தொறந்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஏன் கொண்டு வரல?”

அவளிடம் பதில் இருந்தது. அவள் குனிந்து காய்ந்ததைத் தட்டத் தொடங்கினாள். அவன் திரும்பிப் போய்விட்டான்.

வீட்டில் சொன்னபோது சீனியம்மாள் ஒப்புக்கொள்ளவே இல்லை. “சாமிக்கு வைக்கிறதுல ஒரு சாமான் கெடுமாக்கும்? அந்த மிசினுதேன் நோஞ்சான்.” கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள். “அந்தப் பையன் சண்டைக்கு வந்தானா?”

“வரல.”

“ஏன் வரல?”

அதைத்தான் தாமரையும் யோசித்துக்கொண்டிருந்தாள். சண்டைக்கு வந்திருக்கலாம். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா கிண்ணத்தோடு வந்தபோது மூடியைத் தானே நீட்டினாள். “மேல வையிம்மா. நடுவுல. சின்னதா.” சோதனை மறுபடி பழைய எண்ணைக் காட்டியது. எத்தனை சுற்று ஓட்டினாலும் கோடு நின்றது.

விக்ரம் லேப் அசிஸ்டென்ட் ஆனான். வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு புது வழக்கம் கொண்டுவந்தான். மவுஸானாலும் கேபிளானாலும், அவன் கையிலிருந்து வாங்குகிறவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவன் தன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வான். “இதென்னடா, கல்யாண போட்டோவா?” என்று சூர்யபிரகாஷ் கேட்டதற்கு, “பின்னால பேச்சு வந்தா எங்கிட்டக் காட்ட ஒண்ணு வேணும்ல” என்று மட்டும் சொன்னான். பூசாரி என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் உண்டக்கட்டி தருகிற ஆளாக அவன் இல்லை.

தாமரை பயிற்சிக்காக லேப்டாப்பை ஒரு ராத்திரி லேபில் விட்டுவைக்க வேண்டி வந்தது. எல்லார் லேப்டாப்பிலும் ஏதோ மென்பொருள் ஏற்ற வேண்டுமாம். மறுநாள் வாங்க வரிசையில் நின்றாள். வேண்டுமென்றே மூடி மேலாக இருக்கும்படி அவன் எடுத்து வைத்தானா, தற்செயலா என்று அவளுக்குத் தெரியவில்லை. பொட்டு பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்த்து அவன் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள். ஒரு கேலி போதும்.

“டெஸ்ட் ஓட்டிப் பாத்துக்கங்க” என்றான்.

“வேணாம் விக்ரம். பாக்க வேண்டியதில்ல.”

“பாத்துருங்க மேடம்.”

மேடம். அவள் உட்கார்ந்து ஓட்டினாள். மூன்றாவது சுற்று முடிகிறவரை அவனும் பக்கத்தில் நின்றான். கோடு விழவில்லை. அவள் எழுந்து லேப்டாப்பை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் போனைத் தூக்கினான், ஒரு படம் எடுத்தான். திரையில் சரிபார்த்தான்.

“அடிப்பக்கத்தையும் காட்டுங்க” என்றான்.

அவள் திருப்பிக் காட்டினாள்.